மூச்சை நிறுத்தாதீர்கள்

குருவானவர் ஒருவர் ஐம்பதை நெருங்கும் வயதில் சண்டைக்கலை பயிலச் சென்றார் என்று கேட்டால் நம் வாசகர்களுள் சிலர் நகைப்பர்; சிலர் முகம் சுளிப்பர். இரண்டும் நியாயமே. நாமும் முதலில் நகைத்தோம். பின்னர் முகம் சுளித்தோம். அதன் பின்னரே சென்றோம். அங்கே கண்டதை எழுதித் தருமாறு இவ்விதழின் ஆசிரியர் நெடுநாளாகக் கேட்டு வருகிறார். இக்கதையின் ஒரு பகுதி நமக்குப் பெருமை தருவதன்று. அதனாலேயே இதுகாறும் தள்ளிப் போட்டு வந்தோம்.

2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கனடா நாட்டின் டொராண்டோ மாநகரில் வாழும் தமிழ்க் கத்தோலிக்க மக்களிடையே ஓராண்டு பணியாற்றி வருமாறு நம் ஆயர் நம்மை அனுப்பி வைத்தார். அம்மாநகரின் கிழக்குப் பகுதியாகிய ஸ்கார்பரோவில் ஈழத் தமிழர் திரளாக வாழ்கின்றனர். 1983ஆம் ஆண்டின் கொடுமைகளுக்குப் பிறகும், அதனைத் தொடர்ந்த நெடும் போரின்போதும் உயிர் தப்பிச் சென்றவர்கள் அவர்கள். பனி கொட்டும் ஞாயிறுகளிலும் திருப்பலிக்கு இடங்கொள்ளாமல் வந்து நிற்பர். அவர்களுடைய பக்தியைக் கண்டு நாம் நாணியதுண்டு.

நம் உடலோ நாணத்தக்க நிலையில்தான் இருந்தது. நவம்பர் மாதத்தில் ஒருநாள் பங்கு இல்லத்தின் மாடிப்படிகளில் ஏறுகையில் நெஞ்சு இறுகிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டோம். மருத்துவர் சோதித்துப் பார்த்து, இரத்த அழுத்தம் 160ஐத் தாண்டி நிற்கிறது என்றார். மாத்திரை தந்தார், உப்பைக் குறைக்கவும் நடக்கவும் சொன்னார். இரவில் உறக்கமில்லை என்பதையும் சொன்னோம். மனத்தில் ஏதேனும் சுமை உண்டா என்று வினவினார். குருக்கள் எல்லோருக்கும் உள்ளதுதான் என்று பொதுவாகச் சொல்லி வைத்தோம்.

பாடகர் குழுவில் கித்தார் வாசிக்கும் இளைஞர் ஒருவர் அன்று நம்மை வண்டியில் அழைத்துச் சென்றிருந்தார். திரும்பும் வழியில் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “சுவாமி, நான் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஒரு ரஷ்யாக்காரரிட்ட மூச்சுப் பழகப் போறனான். நீங்களும் ஒருக்கா வந்து பாருங்கோவன். சண்டையும் பழக்குவினம்தான். ஆனால் முதல் கொஞ்ச மாசமும் மூச்சு விடுறதும் விழுறதும்தான்.”

மூச்சு விடுவதையும் கீழே விழுவதையும் காசு கொடுத்துக் கற்பவர்களும் உண்டோ என்று நகைத்தது அப்போதுதான்.

அக்கலைக்குச் ‘சிஸ்டெமா’ என்று பெயர். ரஷ்ய மொழியில் அச்சொல்லுக்கு ‘முறைமை’ என்பதே பொருள். இடைக்கச்சையின் நிறத்தைக் கொண்டு தரம் பிரிக்கும் வழக்கம் அதில் இல்லை. மனப்பாடமாகச் செய்துகாட்டும் அடவுகளும் இல்லை. மூச்சு, தளர்ச்சி, நிமிர்ந்த நிலை, இடையறாத அசைவு என்பவற்றின் மீதே அது நிற்கிறது. மாஸ்கோவைச் சேர்ந்த மிகயீல் ரியாப்கோ (1961–2023) என்னும் படை அதிகாரி அதன் புகழ்பெற்ற ஆசான்களுள் ஒருவர். அவரிடம் பயின்றவரும் முன்னாள் சோவியத் படைவீரருமான விளாதிமிர் வசீலியெவ் 1993ஆம் ஆண்டில் டொராண்டோவில் ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார். இக்கலை ரஷ்யாவுக்கு வெளியே வேரூன்றியது அவ்வாறுதான். தெற்கே கிராஸ்னதார் நகரில் அலெக்சேய் கதோச்னிக்கோவ் (1935–2019) என்பவர் நெம்புகோல் முதலிய இயந்திரவியல் விதிகளைக் கொண்டு இதனை விளக்கி, வேறொரு கிளையை வளர்த்தார்.

இக்கலை ஆயிரம் ஆண்டுப் பழைமையுடையது என்றும், கொசாக்கு வீரரும் துறவியரும் மறைவாகக் காத்துவந்த செல்வம் என்றும் சொல்பவர் உளர். அதற்குத் தக்க ஏட்டுச் சான்று எதுவும் நம் கண்ணில் படவில்லை. பழைமை பாராட்டும் ஆசை எல்லா நாட்டினர்க்கும் பொது. நம்மவர்க்கு அதில் யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. சான்றோடு நமக்குத் தெரிபவை 1920, 1930ஆம் ஆண்டுகளின் சோவியத் தற்காப்பு முறைகளே. முதல் உலகப் போரில் துப்பாக்கி ஈட்டியால் குத்துண்டு இடக்கை வலிமை குன்றிய விக்தர் ஸ்பிரிதோனவ், வலுவற்ற உடலாலும் செய்யத்தக்க மென்மையான முறையொன்றை வகுத்தார். வசீலி ஓஷ்செப்கவ் ஜப்பானிய ஜூடோவை ரஷ்யாவுக்குக் கொண்டுவந்தார். இவ்விருவர் உழைப்பிலிருந்து எழுந்த ‘சாம்போ’வை 1938ஆம் ஆண்டில் சோவியத் அரசு ஒரு விளையாட்டாக ஏற்றுக்கொண்டது.

ஓஷ்செப்கவைப் பற்றி இங்கே சிறிது சொல்லாமல் கடக்க நம்மால் இயலவில்லை. அவரும் நம்மைப் போல் குருமடத்தில் வளர்ந்தவர். கைதிகளை நாடு கடத்தும் சகலின் தீவில் தண்டனை பெற்ற ஒரு தாய்க்குப் பிறந்து, சிறு வயதிலேயே அனாதையானார். ஜப்பானில் கீழைத் திருச்சபையை நிறுவிய பேராயர் நிக்கொலாயின் குருமடம் அவருக்குப் புகலிடம் தந்தது. அங்கிருந்தே 1911ஆம் ஆண்டில் டோக்கியோவின் கோடோகான் ஜூடோக் கூடத்தில் சேர்ந்து, 1913ஆம் ஆண்டில் கருங்கச்சை பெற்றார். அவர் குருவாகவில்லை. ஜப்பானிய ஒற்றர் என்று பழி சுமத்தப்பட்டு ஸ்டாலின் காலச் சிறையில் மாண்டார். அவர் குற்றமற்றவர் என்று அரசு அறிவித்தபோது இருபது ஆண்டுகளுக்கு மேல் கழியவில்லை எனினும், கேட்பதற்கு அவர்தாம் இல்லை.

நாம் சென்ற இடம் பள்ளியொன்றின் வாடகைக் கூடம். ஆசிரியர் அறுபதைக் கடந்த ரஷ்யர், ஒடிசலான உருவம், கழுத்தில் சிறு சிலுவை. குரு என்று அறிந்ததும் எழுந்து நின்று, ‘பாத்யூஷ்கா’ என்றழைத்தார். ரஷ்ய மக்கள் தங்கள் குருக்களை அன்போடு அழைக்கும் சொல் அது. நம்மூரில் ‘சாமி’ என்பது போன்றது. அவரோ கீழைத் திருச்சபையினர். நாமோ உரோமைத் திருச்சபையினர். 1054ஆம் ஆண்டின் பிளவு அக்கூடத்தின் வாயிலில் நம் காலணிகளோடு கிடந்தது என்றே தோன்றியது.

முதல் பாடம் நடத்தல். கூடத்தைச் சுற்றி நடக்க வேண்டும். ஓரடிக்கு மூக்கால் மூச்சை வாங்கி, அடுத்த ஓரடிக்கு வாயால் விட வேண்டும். பின்னர் ஈரடிக்கு வாங்கி, ஈரடிக்கு விடுதல். இவ்வாறு எண்ணிக்கையைப் படிப்படியாக ஏற்றிச் சென்று மீண்டும் இறக்கி வருதல். நாற்பது ஆண்டுகளாகத் திருப்புகழ்மாலை சொல்லி வருகிறோம். சங்கீதத்தின் ஒவ்வோர் அடியிலும் நடுவே நின்று மூச்செடுக்கக் குருமடத்திலேயே பழக்கியிருந்தார்கள். ஆதலால் இஃது எளிது என்று எண்ணினோம். ஆறாம் அடியில் நெஞ்சு படபடத்தது. ஆசிரியர் அருகே வந்து, “போட்டியன்று, பாத்யூஷ்கா. அச்சம் எந்த எண்ணில் எழுகிறது என்று பாருங்கள். அதற்கு முந்தைய எண்ணில் நடந்துகொண்டிருங்கள்” என்றார்.

அடுத்துத் தரையில் மல்லாந்து படுத்து, மூச்சை உள்ளே வாங்கும்போது கால் விரல் தொடங்கித் தலை வரை தசைகளை இறுக்கி, வெளியே விடும்போது அவ்வாறே தளர்த்த வேண்டும். அதன்பின் தண்டால். முட்டியைத் தரையில் ஊன்றி மெல்ல மெல்லத் தாழ்ந்து, மெல்ல மெல்ல எழ வேண்டும். எத்தனை என்று யாரும் எண்ணுவதில்லை. நம்மால் சுவரில் கையூன்றித்தான் செய்ய முடிந்தது. அதனை யாரும் இழிவாகக் கருதவில்லை. எல்லாவற்றிலும் ஒரே விதி: மூச்சு முன்னே தொடங்க வேண்டும், உடல் பின்னே வர வேண்டும். காளை அடியெடுத்து வைத்த பின்னர் வண்டி நகர்வது போல என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம்.

இவ்விதிக்கு உடற்கூற்றிலும் இடமுண்டு. பளுவைத் தூக்குகையிலும், கட்டிலிலிருந்து எழுகையிலும் மூச்சை அடைத்துக்கொண்டு முக்குவது நம் வழக்கம். அவ்வாறு அடைக்கும்போது மார்புக்கூட்டினுள் அழுத்தம் மிகுந்து, இரத்த அழுத்தம் சட்டென்று ஏறி, பின்னர் இறங்குகிறது. இரத்த அழுத்தம் உள்ளோரும் முதியோரும் மூச்சை விட்டவாறே பளுவைத் தூக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். நம் நாட்டு யோகத்திலும் மூச்சுப் பயிற்சி உண்டே என்று வாசகர் வினவலாம். உண்டு, மிக நுட்பமாகவே உண்டு. அங்கே மூச்சைப் பெரும்பாலும் அமைதியாக அமர்ந்திருந்து பழகுகிறோம். இங்கோ, மற்றொருவர் நம்மைத் தள்ளும்போதும் நாம் தரையில் விழும்போதும் அது நில்லாமல் ஓடுகிறதா என்று பார்க்கிறார்கள். இவ்வேறுபாட்டை நாம் உணர்ந்தது நான்காம் வாரத்தில்.

அன்று இருவர் இருவராக நிறுத்தினார்கள். ஒருவர் மற்றவருடைய தோளிலோ மார்பிலோ உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ள வேண்டும். தள்ளப்படுபவர் எதிர்க்காமல், மூச்சை விட்டவாறே அத்தள்ளுதலை உடலில் ஓடவிட்டு நகர வேண்டும். நமக்கு வாய்த்த இணை பத்தொன்பது வயது மாணவன். நல்ல பையன். குரு ஒருவரைத் தள்ள வேண்டியிருக்கிறதே என்ற கூச்சத்தால் புன்னகை செய்துகொண்டே கையை நீட்டினான்.

அப்புன்னகையைக் கண்டதும் நமக்குள் ஏதோ நேர்ந்தது. தாடை இறுகிற்று. வலக்கை தானே முட்டியாக மடங்கிற்று. பையன் அஞ்சிக் கையை இழுத்துக்கொண்டான்.

ஆசிரியர் வந்து நம் முன்னே நின்றார். அவர் குரலில் கடுமை இல்லை. “பாத்யூஷ்கா, இவன் கை உங்கள் மார்பைத் தொடவே இல்லை. அதற்கு முன்பே உங்கள் மூச்சு நின்றுவிட்டது. யாருக்காக நின்றது?”

விடை நமக்குத் தெரிந்திருந்தது. பதினான்கு ஆண்டுகளாகவே தெரிந்திருந்தது.

2004ஆம் ஆண்டில் நாம் ஒரு பங்கில் உதவிப் பங்குத்தந்தையாகவும், அங்கிருந்த மாணவர் விடுதிக்குப் பொறுப்பாளராகவும் இருந்தோம். திருவிழா உண்டியல் பணத்தில் ஒரு தொகை குறைந்தது. அன்று ஆலயத்தைப் பெருக்கியவன் பன்னிரண்டு வயது விடுதி மாணவன், தந்தையற்றவன். மற்ற மாணவர் முன்னிலையில் அவனை அழைத்து வினவினோம். அவன் வாய் திறவாமல் நின்றான். நின்றதோடு புன்னகையும் செய்தான். அப்புன்னகையைத் திமிர் என்று கொண்டோம். ஓங்கி அறைந்தோம், ஒரு முறையன்று. அப்போதும் அவன் புன்னகை மாறவில்லை. மூன்று நாள் கழித்து, குறைந்த பணம் குறையவே இல்லை என்பதும், நாமே ஒரு பக்கத்தை இரு முறை கூட்டியிருந்தோம் என்பதும் கணக்கேட்டில் தெரிந்தது. அதற்குள் அவன் தாய் வந்து அவனை அழைத்துச் சென்றுவிட்டார். அவன் படிப்பு அத்தோடு நின்றது என்று பின்னர்க் கேள்வியுற்றோம்.

ஒப்புரவு அருட்சாதனத்தில் இதனை அறிக்கையிட்டோம், மன்னிப்பும் பெற்றோம். ஆண்டவர் மன்னித்தார் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அச்சிறுவனிடம் நாம் செல்லவில்லை. மாற்றல் வந்தது, பணி மிகுந்தது, முகவரி தெரியாது என்று ஆண்டுக்கொரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. மன்னிப்பைப் பற்றி எத்தனை மறையுரைகள் ஆற்றியிருப்போம்!

அன்றைய வகுப்பின் முடிவில் எல்லோரும் தரையில் வட்டமாக அமர்ந்தனர். அங்கே அது வழக்கம். அன்று தமக்குள் கண்டதை ஒவ்வொருவரும் ஓரிரு சொற்களில் கூறுவர். யாரும் தீர்ப்புரைப்பதில்லை. நம் முறை வந்தபோது, ஒருமுறை குற்றமற்ற ஒருவனை அடித்திருக்கிறோம் என்று மட்டும் சொன்னோம். ஆசிரியர் தலையசைத்தார். பின்பு பொதுவாகச் சொன்னார்: தள்ளப்படுபவனைக் காட்டிலும் தள்ளுபவனையே தாம் கவனிப்பதாகவும், மூச்சை அடைத்துக்கொண்டு அடிப்பவன் எவனும் அச்சத்தால்தான் அடிக்கிறான் என்றும். நமக்கு அச்சமா, அதுவும் பன்னிரண்டு வயதுப் பையனிடமா என்று அன்றிரவு நெடுநேரம் எண்ணிக் கிடந்தோம். அச்சந்தான். கணக்கில் பணம் குறைந்தால் பங்குத்தந்தை நம்மை என்ன நினைப்பாரோ என்ற அச்சம்.

அவ்வட்டத்தில் கார்க்கிவ் நகரில் பிறந்த உக்ரைனியப் பெண்மணி ஒருவரும் வழக்கமாக அமர்வார். 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் புகுந்த செய்தி கேட்டபோது நம் நினைவுக்கு முதலில் வந்தது அவ்வட்டமே. இக்கலை படைமுகாமில் வளர்ந்தது. அந்தக் கறையை நாம் கழுவிக் காட்ட முடியாது. கற்றுத் தரும் கையைப் பொறுத்தே அதன் பயன் அமையும் என்பது நம் கருத்து.

வேறு சிலவற்றையும் ஒளிவின்றிச் சொல்லிவிடுகிறோம். தொடாமலே எதிரியை வீழ்த்துவதாகச் சிலர் செய்து காட்டுவதுண்டு. ஆசானை மதிக்கும் மாணவர் மட்டுமே அவ்வாறு விழுகின்றனர் என்பது நம் எண்ணம். தடியால் அழுத்தி உடம்பு பிடித்துவிடும் முறையும் உண்டு. அதற்கு நாம் இசையவில்லை. விடியலில் தலைவழியே ஒரு வாளிக் குளிர்நீர் ஊற்றிக்கொள்ளுமாறும் சொல்வர். உறைபனியில் வெறுங்காலோடு திரிந்த போர்ஃபிரி இவானவ் (1898–1983) என்னும் முதியவரால் ரஷ்யாவில் பெரிதும் பரவிய பழக்கம் அது. டிசம்பர் மாதத்தில் ஒருநாள், மருத்துவரைக் கேளாமல், நாமும் ஊற்றிப் பார்த்தோம். மருத்துவர் பின்னர் நம்மைக் கடிந்துகொண்டார். இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்கள் நம்மைப் பின்பற்ற வேண்டாம்.

மூச்சோடு செபத்தை இணைப்பது பற்றியும் வாசகர்க்கு ஐயம் எழக்கூடும். நமக்கும் எழுந்தது. வகுப்பிலிருந்த ரஷ்யர் சிலர் நடக்கும்போது, மூச்சை உள்ளே வாங்குகையில் ஆண்டவர் இயேசுவின் பெயரை மனத்துள் சொல்லியும், வெளியே விடுகையில் இரக்கம் வேண்டியும் நடந்தனர். இது சண்டைக்கலையார் இட்டுக்கட்டியதன்று. சீனாய் மலைத் துறவியாகிய புனித யோவான் கிளிமாக்குஸ் ஏழாம் நூற்றாண்டிலேயே இயேசுவின் நினைவை மூச்சோடு ஒன்றாக்கும்படி எழுதினார். இத்தகைய துறவியரின் நூல்களைத் திரட்டிய ‘பிலொக்காலியா’ 1793ஆம் ஆண்டில் சிலாவிய மொழியில் வெளிவந்து ரஷ்ய மக்களிடையே இச்செபத்தைப் பரப்பியது. அதனையே பிற்காலத்தில் ரஷ்ய மொழியில் தந்த ஆயர் தெயோபான் (1815–1894), மூச்சையும் உடலையும் பற்றிய நுணுக்கங்களைப் பெரிதும் விலக்கிவிட்டார்; வழிகாட்டியின்றிச் செய்வோர் கருவியைக் கடவுளாக்கிவிடுவர் என்று அவர் அஞ்சினார். நம் திருச்சபையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயமும் 1989ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் ஆயர்களுக்கு விடுத்த மடலில் ஏறத்தாழ அதையே உரைத்தது. மூச்சொழுங்கு பலருக்குச் செபத்தில் துணையாகலாம். அதனால் விளையும் உடலமைதியை ஆவியானவரின் கொடை என்று மயங்குதல் ஆகாது.

மற்றொன்றும் உண்டு. 2001ஆம் ஆண்டில் இத்தாலியின் லூச்சியானோ பெர்னார்தி என்னும் மருத்துவ அறிஞரும் அவர் குழுவினரும் உடல்நலமுள்ள 23 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்றைப் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டனர். இலத்தீன் மொழியில் செபமாலையின் அருள்நிறை மந்திரத்தைச் சொல்லும்போதும், யோக மந்திரமொன்றைச் சொல்லும்போதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு முறையாகத் தணிந்தது. இரத்த அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சீர்செய்யும் நரம்புகளின் திறனும் கூடியது. சும்மா இருக்கையில் நாம் நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது முறை மூச்சு விடுகிறோம். ஒருவர் பாதி சொல்ல, மற்றவர் மீதியைச் சொல்லும்படி நம் பாட்டிமார் நடத்திய செபமாலையில் இப்படியொரு பாடம் அடங்கியிருந்திருக்கிறது. நாமோ இரவு பத்து மணிக்கு அவசரமாக அதனை ஒப்பித்து முடிப்பவராய் இருந்தோம். அன்று முதல் அருள்நிறை மந்திரத்தின் முற்பாதிக்கும் பிற்பாதிக்கும் இடையே சற்றே நின்று சொல்லலானோம்.

2019ஆம் ஆண்டு ஜனவரியில் பாதைகளெல்லாம் கண்ணாடிபோல் உறைந்தன. பங்கில் முதியோர் மூவர் வழுக்கி விழுந்தனர்; ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. வெளியே செல்லவே அஞ்சிப் பலர் திருப்பலிக்கு வருவதை நிறுத்தினர். கித்தார் வாசிக்கும் இளைஞர், நம் ஆசிரியரையே ஒரு சனிக்கிழமை ஆலயக் கூடத்துக்கு அழைத்து வரலாம் என்றார். அவர் கட்டணம் வாங்காமல் வந்தார்.

சேலை உடுத்திய மூதாட்டியர் தரையில் உருள்வார்களா? மாட்டார்கள். நாற்காலிகளில்தான் தொடங்கினார். அமர்ந்தவாறே மூச்சு, பின்னர் மூச்சை விட்டவாறே நாற்காலியிலிருந்து எழுதல், பின்னர் நாற்காலியைப் பற்றிக்கொண்டு தரைவரை இறங்கிப் பாயில் அமர்தல், அங்கிருந்து பக்கவாட்டில் சாய்ந்து எழுதல். உயரத்தைச் சிறிது சிறிதாகத்தான் குறைத்தார். விழப் போகிறோம் என்று அறியும் நொடியில் மூச்சை அடைத்தால் உடல் முழுதும் மரக்கட்டையாகிறது என்று சொல்லி, வெறுந்தரையில் தாம் பலமுறை விழுந்து காட்டினார். ஓசையே எழவில்லை. நனைந்த துணி கொடியிலிருந்து நழுவியதுபோல் இருந்தது. மூதாட்டியர் சிரித்துக் களித்தனர். எல்லோர்க்கும் பழக்கம் வசப்பட்டது.

ஒருவர்க்கு மட்டும் வசப்படவில்லை. எழுபத்துநான்கு வயதானவர். நாற்காலியிலிருந்து எழும்போதெல்லாம் மூச்சை இழுத்து அடைத்துக்கொண்டார். ஆசிரியர் பொறுமையோடு மீண்டும் மீண்டும் சொல்லிக் கொடுத்தார். நாம் தமிழில் எடுத்துரைத்தோம். இறுதியில் அம்மூதாட்டி நம்மைப் பார்த்துச் சொன்னார்:

“சுவாமி, பொம்பர் வரேக்க பங்கருக்குள்ள பிள்ளையளின்ர வாயைப் பொத்திக்கொண்டு, நாங்களும் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனாங்கள். சத்தம் கேட்டாப் போச்சு எண்டு பயம். அது பழகிப் போச்சு. இப்ப விடுங்கோ எண்டா எப்பிடி விடுறது?”

குண்டு வீசும் விமானத்துக்கு மூச்சின் ஓசை கேளாது என்பதை அறியாதவர் அல்லர் அவர். கூடத்தில் அமைதி நிலவிற்று. அங்கிருந்த மூதாட்டியருள் பலர் தலை குனிந்தனர். நாம் அதனை ஆங்கிலத்தில் ஆசிரியர்க்குச் சொன்னோம். அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து அம்மூதாட்டியின் அருகே போட்டு அமர்ந்து, தாமே மூச்சை வாங்கி விட்டுக்கொண்டிருந்தார். அவரைச் செய்யும்படி கேட்கவும் இல்லை. கால் மணி நேரம் ஆகியிருக்கும். மூதாட்டி தம்மையறியாமலே அவரோடு இசைந்து மூச்சு விடத் தொடங்கினார். பிறகு ஒரு பெருமூச்சு வந்தது. அதன்பின் அழத் தொடங்கினார். அருகிலிருந்த மற்றொரு மூதாட்டி அவர் கையைப் பற்றிக்கொண்டார். ஆசிரியர் எழுந்து, நாற்காலிகளை அடுக்கலானார்.

அவ்வாண்டு பெரிய வாரத்தில், கிறிஸ்மா எண்ணெய்ப் பாத்திரத்தின் வாயில் ஆயர் குனிந்து ஊதும் சடங்கைக் கண்டபோது, குருவான நாள் முதல் ஆண்டுதோறும் பார்த்துவந்த அச்சடங்கு புதியதாகத் தோன்றிற்று. இத்தனை ஆண்டுகள் அதைப் பார்த்தபோதெல்லாம் மதிய உணவுக்கு நேரமாகிறதே என்று எண்ணியிருந்தோம் போலும்.

செப்டம்பரில் நாடு திரும்பினோம். இரத்த அழுத்தம் 140க்கு இறங்கியிருந்தது. மாத்திரையை நிறுத்தவில்லை, நிறுத்தவும் கூடாது. முகவரி தேட ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்த காரணங்கள் இரண்டு தொலைபேசி அழைப்புகளில் தீர்ந்துபோயின. அவன் அப்போது இருபத்தேழு வயது இளைஞன். பக்கத்து மாவட்டத்தில் கட்டடங்களுக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை செய்கிறான். மணமாகி ஒரு பெண் குழந்தை உண்டு.

கட்டி முடியாத ஒரு வீட்டின் கூடத்தில் அவனைக் கண்டோம். முழந்தாளிட்டுத் தரையில் ஓடு பதித்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்து, உடனே அடையாளம் கண்டுகொண்டான். எழுந்து நின்றான். வாய் ஒருபுறமாக இழுக்க, அதே புன்னகை. நம் நெஞ்சு அடைத்தது. மூச்சை விட்டோம், பின்னர்ச் சொன்னோம். பணம் குறையவில்லை என்பதைச் சொன்னோம். தவறு நம்முடையது என்று சொன்னோம். அவனைத் தேடி வராமல் காலம் கடத்தியதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டோம்.

அவன் கையிலிருந்த கரண்டியைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

“சாமி, அன்னைக்கு நான் சிரிக்கல. பயந்தா எனக்கு வாய் அப்படித்தான் போகும். சின்னப் பிள்ளையில இருந்தே அப்படித்தான். அம்மாவுக்குத் தெரியும்.”

இப்போதும் பயமா என்று கேட்டோம்.

“சாமியப் பார்த்ததும் வந்திருச்சு” என்றான்.

தேநீர் வரவழைத்தான். குழந்தையின் படத்தைக் கைப்பேசியில் காட்டினான். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. சொல்லும்படி நாம் கேட்கவும் இல்லை. புறப்படும்போது, வேலை கெடக் கூடாது என்று அவன் சிமெண்டு மூட்டையொன்றைத் தூக்கக் குனிந்தான். பல்லைக் கடித்து, மூச்சை அடைத்து முக்கினான்.

மூச்சை விட்டுக்கொண்டு தூக்கு தம்பி, அடைக்காதே என்றோம்.

வியப்போடு ஏறிட்டுப் பார்த்தான். பின்னர் நாம் சொன்னவாறே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, மாடிப்படியில் ஏறலானான். பாதி வழியில் திரும்பிப் புன்னகை செய்தான். அஃது எவ்வகைப் புன்னகை என்று நாம் கேட்கவில்லை.